படகில் வந்த போர், கப்பலில் வந்த கணக்கு

பெர்னாம் ஆற்றுக்குத் தெற்கே சிலாங்கூர், வடக்கே பேராக். சபாக் பெர்னாம் பக்கமிருந்து பாலத்தைத் தாண்டிவிட்டால் ஹுத்தான் மெலிந்தாங். கோலாலம்பூரிலிருந்து ஈப்போ போகிறவர்கள் இந்த வழியில் வருவதில்லை. விரைவுச்சாலையில் ஏறினால் நேரே ஈப்போவில்தான் இறங்குவார்கள். இந்தப் பக்கம் செம்பனை, தென்னை, மீன்பிடிப் படகு, சாலையோர மாரியம்மன் கோவில், சீனர்களின் மீன் வியாபாரம். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் மலாயாப் போரின் போக்கை மாற்றிய ஒரு காரியம் இந்த ஆற்றங்கரையில் நடந்தது.

1941 டிசம்பர் கடைசியில் ஈப்போ ஜப்பானியர் கைக்குப் போனது. பின்வாங்கி வந்த 11ஆவது இந்திய டிவிஷன் கம்பாரில் மலைச்சரிவுகளைப் பிடித்துக்கொண்டு டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை நின்று அடித்தது. ஆங்கிலேயச் சிப்பாய்களும் சீக்கியர்களும் கூர்க்கர்களும் அடங்கிய அந்தப் படையிடம் ஜப்பானியர் பலமாகவே அடி வாங்கினார்கள். ஆனால் ஜப்பானியத் தளபதி யாமாஷித்தா நேருக்கு நேர் மோதுவதோடு நிற்கிற ஆள் இல்லை. பேராக் ஆற்று வழியாக ஒரு படையைத் தெலுக் ஆன்சனுக்கு அனுப்பினார். இன்றைய தெலுக் இந்தான்தான் அது. லூமுட்டிலிருந்து கடல்வழியாகப் புறப்பட்ட இன்னொரு படை ஜனவரி 1, 2 வாக்கில் ஹுத்தான் மெலிந்தாங்கில் கரையேறியது. பினாங்கைக் கைவிட்டு ஓடும்போது பிரிட்டிஷார் அழிக்காமல் போட்டுவிட்டுப் போன படகுகளும் அதற்கு உதவின. முதுகுப் பக்கம் எதிரி வந்துவிட்டான் என்றானதும் கம்பாரைக் காலி செய்தார்கள். அதற்கு ஐந்தாம் நாள் சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் புகுந்தன. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரே விழுந்தது.

இங்கே கரையேறியவர்கள் ஜப்பானின் 5ஆவது டிவிஷனைச் சேர்ந்த 11ஆவது காலாட்படை ரெஜிமெண்ட்காரர்கள். ஹிரோஷிமாவில் திரட்டப்பட்ட ரெஜிமெண்ட். இந்தப் பெயர் பிறகும் வரும்.

படகுத்துறையில் இதைச் சொல்லும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. மீன் கூடைகள், ஐஸ் கொட்டும் சத்தம், வலை தைத்துக்கொண்டிருந்த இரண்டு இந்தோனேசியப் பையன்கள். அவர்களிடம் விசாரித்துப் பயனில்லை என்று கொஞ்சம் உள்ளே நடந்து, படகு என்ஜின் விற்கும் ஒரு கடைக்குப் போனேன்.

இரும்புத் தாங்கிகளில் யமஹாவும் சுசுகியும் வரிசையாகத் தொங்கின. ஒன்றின் மூடியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, பழைய பல் துலக்கியைப் பெட்ரோலில் நனைத்து ஸ்பார்க் பிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார் கடை முதலாளியான சீனத் தவுக்கே. எழுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பா தோட்டத்துக்குப் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருந்தாராம். பற்று வரவு எழுதிய வகையில் மகனுக்கும் தமிழ் வந்துவிட்டது.

"என்ஜின் ரிப்பேரா தம்பி?"

"இல்ல தவுக்கே. ஜப்பான் காலத்தப் பத்திக் கேக்கலாம்னு வந்தேன்."

"அப்ப நான் பொறக்கவே இல்லயே" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, பிளக்கைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

கடையின் பின்கட்டில் சிவப்பு விளக்கு எரியும் சாமி மேடை. அதற்குக் கீழே முன்னோர் பெயர் எழுதிய பலகைகள். ஒன்றைத் தொட்டுக் காட்டினார். அவருடைய பெரியப்பா. சீன நிவாரண நிதிக்கு வீடு வீடாகப் போய் வசூல் செய்தவர். ஜப்பானியர் வந்தபோது அவர்கள் கையில் பெயர்ப்பட்டியல் இருந்தது. லாரியில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் உண்டு. இறக்கியதைப் பார்த்தவர் இல்லை.

"செத்த தேதி தெரியாது தம்பி. லோரியில ஏத்தின தேதிக்குத்தான் நாங்க கும்புடுறோம்."

கடை முழுக்க ஜப்பான் என்ஜினாக இருக்கிறதே என்ற கேள்வியை எத்தனை பக்குவமாகக் கேட்டாலும் அது குத்தலாகத்தான் வரும். கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அப்பா ரொம்ப நாள் ஜப்பான் சாமானைக் கடைக்குள் விடவில்லை. அமெரிக்க என்ஜின்தான் விற்றார். மீன்காரர்கள் யமஹாதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற பிறகு இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். ஜப்பானிலிருந்து கம்பெனி ஆள் வந்தால் வாசலில் வைத்தே பேசி அனுப்ப வேண்டும், தேநீர் கொடுக்கக் கூடாது. "அப்பா போனப்புறம்தான் தே கொடுத்தோம்." இப்போது பேத்தி ஒசாக்காவில் படித்து அங்கேயே வேலையில் இருக்கிறாள். அவள் கல்யாணத்துக்கு இரண்டு ஜப்பான் தோழிகள் இந்த வீட்டுக்கு வந்தார்கள், சாமி மேடைக்கு ஊதுபத்தி வைத்தார்கள், இது யார் என்று கேட்டார்கள். பேத்தி விவரம் சொன்னதும் ஒருத்தி அழுதுவிட்டாள். "எனக்குத்தான் சங்கடமாப் போச்சு. கல்யாண வீட்டுல அழுவுறாங்களேன்னு."

சீனருக்கும் ஜப்பானியருக்கும் இடையே உள்ள பகையைப் பற்றி எத்தனையோ வாசிக்கிறோம். பெய்ஜிங்கில் ஆர்ப்பாட்டம், டோக்கியோவில் யாசுகுனி கோவில் சர்ச்சை என்றுதான் செய்தி வரும். பேராக்கின் மீன்பிடிக் கிராமத்தில் அந்தப் பகை தேநீர் கொடுப்பதா வேண்டாமா என்பதில் வந்து நின்றது.

மலாயாச் சீனர்களுக்குப் போர் 1941-இல் தொடங்கவில்லை. 1937 ஜூலையில் சீனாவுக்குள் ஜப்பான் புகுந்தபோதே தொடங்கிவிட்டது. ஜப்பான் சாமான் புறக்கணிப்பு, சீனத் தொழிலதிபர் டான் கா கீ தலைமையில் நிவாரண நிதி வசூல், பர்மாச் சாலையில் லாரி ஓட்டவும் பழுது பார்க்கவும் தென்கிழக்காசியாவிலிருந்து போன ஏறத்தாழ 3,200 தொண்டர்கள், திரெங்கானுவில் டுங்குனில் ஜப்பானியர் நடத்திய இரும்புச் சுரங்கத்தைவிட்டு வெளியேறிய சீனத் தொழிலாளர்கள் எல்லாம் அதன் பகுதி. ஆகவே ஜப்பானியச் சேனை மலாயாவுக்குள் வரும்போதே சீனர்களைப் பழைய எதிரிகளாக எண்ணித்தான் வந்தது. சிங்கப்பூர் விழுந்ததும் சீன ஆண்களை வரிசையில் நிறுத்திப் பொறுக்கிக் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்கள் சுமார் 5,000 என்றது ஜப்பானியத் தரப்பு. 50,000 வரை இருக்கும் என்கிறது சீனத் தரப்பு. அதோடு விடாமல் மலாயா, சிங்கப்பூர்ச் சீனர்கள் 5 கோடி டாலர் 'அன்பளிப்பு' தர வேண்டும் என்று ஆணை போட்டார்கள். வீடு, நகை விற்றும் தொகை சேரவில்லை. மீதியை ஜப்பானிய வங்கியிடமே கடன் வாங்கி ஜப்பானியரிடமே கட்டினார்கள். உலகத்தில் எந்தக் கந்துவட்டிக்காரனுக்கும் தோன்றாத ஏற்பாடு.

அந்த ஹிரோஷிமா ரெஜிமெண்ட் சிங்கப்பூர் வெற்றிக்குப் பிறகு நெகிரி செம்பிலானுக்கு அனுப்பப்பட்டது. 1942 மார்ச்சில் பாரிட் திங்கி, தித்தி அருகே ஜூ லூங் லூங் முதலிய சீனக் கிராமங்கள் கூண்டோடு அழிக்கப்பட்டன. குழந்தைகளையும் விடவில்லை. ஊர்க்காரர்கள் எலும்பைத் தோண்டியெடுத்து நினைவுக்கல் வைத்தார்கள். 1982-இல் ஜப்பானியப் பாடநூல்கள் போரைப் பூசி மெழுகுகின்றன என்ற சர்ச்சை கிளம்பியதும் அந்தக் கற்களைச் சுற்றிச் சீனச் சங்கங்கள் மறுபடி கூடின. ஜப்பானிலிருந்தும் ஆள் வந்தார்கள். பள்ளி ஆசிரியரான தகஷிமா நோபுயோஷி ஆண்டுதோறும் ஜப்பானியர்களைக் கூட்டிக்கொண்டு இந்தக் கல்லறைகளுக்கு வந்தார். வரலாற்றாசிரியர் ஹயாஷி ஹிரோஃபுமி, 1987-இல் டோக்கியோவில் ராணுவ ஆவணங்களுக்கிடையே 11ஆவது ரெஜிமெண்டின் ஒரு கம்பெனியுடைய போர்நாட்குறிப்பைக் கண்டெடுத்தார். இன்ன நாளில் இத்தனை பேர் என்று கொலைக் கணக்கை அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். சீனர்கள் நாற்பது வருடமாகச் சொல்லி வந்ததற்கு ஜப்பானிய ராணுவத்தின் கையெழுத்திலேயே ஆதாரம் கிடைத்தது, அதுவும் ஒரு ஜப்பானியர் தேடிக் கொடுத்து.

அந்த ரெஜிமெண்டின் பாசறை ஹிரோஷிமாக் கோட்டையை ஒட்டி இருந்தது. 1945 ஆகஸ்டு 6-இல் அதுவும் சாம்பல். ஹிரோஷிமா என்றால் நமக்கெல்லாம் ஒரே படம்தான் மனசில் வரும். நெகிரி செம்பிலான் சீனர்களுக்கு அந்தப் பெயரில் இரண்டு படங்கள் உண்டு. இரண்டில் ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பது அயோக்கியத்தனம் என்பது என் கட்சி.

பணக்கணக்குக்கு வருவோம். 1962-இல் சிங்கப்பூரில் சிக்லாப் பகுதியில் எலும்புக் குவியல்கள் கிடைத்தன. 'ரத்தக் கடன்' கேட்டு சீன வர்த்தக சங்கம் கிளம்பியது. கோபம் மலாயாவுக்கும் பரவியது. மலாயாவின் சார்பில் எந்த இழப்பீடும் வேண்டாமென்று 1951-இலேயே பிரிட்டன் சான் பிரான்சிஸ்கோவில் கையெழுத்துப் போட்டுவிட்டதால் சட்டப்படி கேட்க வழியில்லை. கடைசியில் 1966-இல் சிங்கப்பூருக்கு 2.5 கோடி டாலர் நன்கொடையும் அதே அளவு கடனும் தர ஜப்பான் ஒத்துக்கொண்டது. மலேசியாவுக்கு 1967 ஒப்பந்தப்படி 2.5 கோடி வெள்ளி மதிப்புக்கு இரண்டு சரக்குக் கப்பல்கள். பெயர் புங்கா ராயா, புங்கா மெலோர்; அதாவது செம்பருத்தி, மல்லிகை. தேசியக் கப்பல் நிறுவனம் அந்த இரண்டு பூக்களோடுதான் தொழிலை விரிவாக்கியது. நாட்டுக்கு லாபம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் லாரியில் ஏற்றப்பட்ட பெரியப்பாவின் குடும்பத்துக்கு வந்தது என்ன? "கப்பலா? எங்க ஆத்துக்குள்ள கப்பல் வராது தம்பி" என்றார் தவுக்கே.

1982-இல் அன்றைய பிரதமர் மகாதீர் 'கிழக்கை நோக்கு' என்றார். 1994-இல் ஜப்பானியப் பிரதமர் முராயாமா வந்தபோது, ஐம்பது வருடத்துக்கு முந்தியதற்கு ஜப்பான் இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று மகாதீரே சொல்லிவிட்டார். சொல்ல வேண்டியவர்கள் அல்லவா சொல்ல வேண்டும் என்று சீனச் சங்கங்களுக்கு மனக்கசப்பு. 2019-இல் அலோர் ஸ்டாரில், 1941-இல் அங்கே செத்த ஜப்பானியச் சிப்பாய்களை வீரர்களாகக் காட்டும் பலகை ஒன்றை நிறுவினார்கள். சீனர்கள் கொதித்தெழுந்ததும் பலகை போய்விட்டது. எழுபத்தேழு வருடம் கழித்தும் ஒரு பலகைக்கு இவ்வளவு சூடு.

ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து தெலுக் இந்தானுக்குப் போகும் வழியில் ஜெண்டராத்தா தோட்டம். வெஸ்டென்ஹோல்ஸ் என்ற டேனிஷ்காரர் 1906-இல் தொடங்கியது. முதலில் ரப்பர், இப்போது செம்பனை. தெலுக் இந்தானில் எல்லோரும் படமெடுக்கும் சாய்ந்த கோபுரம் 1885-இல் ஒரு சீனர் கட்டிய தண்ணீர்க் கோபுரம். ஜப்பானியர் அதைக் கண்காணிப்பு மாடமாக்கிக்கொண்டார்கள். கீழே நின்று சீ சியோங் ஃபன் சாப்பிட்டுவிட்டு, தெரிந்தவர் ஒருவர் சொன்ன வீட்டைத் தேடிப் போனேன்.

தொண்ணூறைத் தாண்டிய பாட்டி. தோட்டத்து லயத்தில் பிறந்தவர். இப்போது பேரன் வாங்கிய மலிவு விலை வீட்டில் இருக்கிறார். சாமி அறையில் முருகனுக்குப் பக்கத்தில் ராணுவ உடையில் நேதாஜி.

"எனக்கு ரெண்டு அண்ணன். பெரியவன சயாமுக்குப் புடிச்சிட்டுப் போனானுங்க. சின்னவன், சயாமுக்குப் போறதுக்குப் பட்டாளத்துக்கே போறேன்னு போஸோட சேந்துட்டான். சப்பான்காரன் ஒருத்தன்தான். ஒரு புள்ளய அவன் தின்னான். இன்னொரு புள்ளைக்கு அவனே துப்பாக்கி குடுத்தான். எங்கம்மா யார வையும், சொல்லு?"

பேரன் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து காட்டினார். பெரிய அண்ணனைக் கூட்டிப் போகுமுன் வீட்டில் கொடுத்த முன்பணம் என்றார் பாட்டி: ஒரு பத்து வெள்ளி ஜப்பான் நோட்டு. வாழைமரம், குலை, ஓரத்தில் தென்னை. வரிசை எண் கிடையாது. மலாயாவுக்கு அடையாளமாக எம் என்று தொடங்கும் எழுத்து மட்டும். எண் போட்டு அச்சிடுவதற்குக்கூட அதற்கு மதிப்பு இல்லை. போர் முடிந்த அன்று வெறும் காகிதமாகிவிட்டது. அண்ணன் திரும்பவில்லை.

அந்த அண்ணனைக் கொண்டுபோனது சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட ரயில்பாதைக்கு. பான் போங்கிலிருந்து தன்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் தண்டவாளத்தை இணைத்தார்கள். போர்க்கைதிகள் 60,000-க்கு மேல். அவர்களில் 12,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 2 லட்சம். இறந்தவர்கள் 90,000 அளவில் இருக்கலாம் என்பது மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 75,000-க்கு மேல், பெரும்பாலும் தோட்டத்துத் தமிழர்கள். காலரா, மலேரியா, பசி. காஞ்சனபுரிப் போர்க்கல்லறையில் வெள்ளைச் சிப்பாய்களுக்கு ஆளுக்கொரு பெயர்ப்பலகை, ஒழுங்கான புல்வெளி. கூலிகளை மொத்தமாகப் புதைத்தார்கள். ஜப்பானியர் தாங்களே 1944-இல் அங்கே ஒரு நினைவுச்சின்னம் கட்டினார்கள். அங்குள்ள ஒரு புத்த கோவில் வளாகத்தில் தமிழருக்கென்று நடுகல் நின்றது 2023-இல்.

எண்பது வருடம் ஏன் ஆனது? தமிழர்களுக்கு மறதி அதிகம் என்பார்கள். நான் ஏற்க மாட்டேன். பாட்டிக்கு எதுவும் மறக்கவில்லை. சீனர்களிடம் வர்த்தக சங்கம் இருந்தது, வட்டாரச் சங்கம் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, நாளிதழ் இருந்தது. பினாங்கு ஆயர் ஹீத்தாமில் 1951-லேயே அவர்கள் நினைவுத்தூணை எழுப்பிவிட்டார்கள். தோட்டத் தமிழருக்கு இருந்தது துரையின் லயமும் கங்காணியும். இன்னொன்று, சொன்னால் சிலருக்குக் கசக்கும்: நம் அரசியல் தலைமை நேதாஜி இயக்கத்திலிருந்து வந்தது. 1946-இல் மலாயா இந்தியக் காங்கிரஸின் முதல் தலைவரான ஜான் திவியே அந்த இயக்கத்தவர். இந்திய தேசிய ராணுவத்தின் பெருமையைப் பேசிய வாயால் அதன் கூட்டாளியிடம் சயாம் கூலியைக் கேட்பது எளிதாக இருந்திருக்காது. நேதாஜியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்தப் பெருமை உண்மை. ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி தூக்கிய தோட்டத்துப் பெண்களின் நிமிர்வும் உண்மை. ஆனால் அதன் நிழலில் தண்டவாளம் மறைந்துபோனது.

சீனரின் நினைவும் கழுவித் துடைத்த நினைவு அல்ல. தெலுக் இந்தானை ஒட்டிய சுங்கை மானிக்கில் 1945-46-இல் மலாய்க்காரரும் சீனரும் வெட்டிக்கொண்டார்கள். ஜப்பானியர் சரணடைந்ததும் காட்டிலிருந்து வந்த, பெரும்பாலும் சீனரைக் கொண்ட கெரில்லாப் படை துரோகிகள் என்று பலரைத் தண்டிக்க, அது இனக் கலவரமாகிப் பல கிராமங்களைத் தின்றது. அந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் ஜப்பான் காலத்தைப் பற்றிக் கேட்டால், முதலில் வருவது ஜப்பான்காரனாக இருக்காது. அந்தக் கலவரத்தைக் குறிக்கும் கல் எதையும் யாரும் கேட்கவில்லை.

கம்பார் மலைச்சரிவைப் பார்த்துவிட்டு பத்து காஜாவுக்கு வந்தேன். ஊரின் பழைய சிறையில்தான், பிரிட்டிஷாரின் ரகசியப் படையான ஃபோர்ஸ் 136-இன் லிம் போ செங் 1944 ஜூன் 29-இல் இறந்தார். டுங்குன் சுரங்கத்திலிருந்து சீனத் தொழிலாளர்களை வெளியே கொண்டுவந்தவர்களில் ஒருவர் அவர். போர் முடிந்ததும் உடலைத் தோண்டியெடுத்துச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய் 1946 ஜனவரியில் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அதே சிறையில் இருந்தவர் சிபில் காத்திகேசு, இலங்கைத் தமிழ் மரபில் வந்த மருத்துவர் காத்திகேசுவின் மனைவி. பாப்பான் சிற்றூரில், மெயின் ரோடு 74ஆம் எண் கடைவீட்டில் மருந்தகம் நடத்திக்கொண்டே காட்டிலிருந்த கெரில்லாக்களுக்கு வைத்தியம் பார்த்தார். ஒளித்து வைத்த வானொலியில் பி.பி.சி. கேட்டுச் செய்தி பரப்பினார். ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெய்தாய் அவருடைய முதுகெலும்பை உடைத்தது. பெற்ற மகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு மிரட்டியும் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. 1948-இல் மறைந்தார். பாப்பானில் அந்தக் கடைவீடு இன்னும் நிற்கிறது. தெருவில் பாதி வீடுகளில் ஆலமர வேர் இறங்கிவிட்டது.

ஈப்போவில் செயின்ட் மைக்கேல் பள்ளியைத்தான் ஜப்பானியர் பேராக்கின் நிர்வாகத் தலைமையகமாக வைத்திருந்தார்கள். இன்று அதே கட்டடத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். ஊருக்கு இன்னொரு பக்கம், தம்பூன் சாலையில், ஜப்பானியத் தோட்டம். குளத்தில் கொழுத்த கோய் மீன்கள். 1989 முதல் ஃபுகுவோகாவும் ஈப்போவும் சகோதர நகரங்கள். குளத்தோரம் நின்று ரொட்டித்துண்டு போட்டுக்கொண்டிருந்த சீனப் பெண்மணியிடம் பேச்சுக் கொடுத்தேன். தாத்தாவை ஜப்பானியர் கொன்றதாகச் சொன்னார். அதே மூச்சில் மீன்கள் அழகாக இருக்கின்றன என்றார். அவர் மன்னித்துவிட்டார் என்று எழுத எனக்கு உரிமையில்லை. தாத்தாவின் பெயருக்கு ஒரு கல்லும், கல்லுக்கு முன்னால் வருடத்துக்கு ஒரு நாளும் இருப்பதால், மற்ற நாளெல்லாம் மீனுக்கு ரொட்டி போட முடிகிறது என்றே எனக்குப் பட்டது. தெலுக் இந்தான் பாட்டிக்கு அந்த ஒரு நாள் கிடையாது.

ஆகவே இதை வாசிக்கும் மலேசியத் தமிழர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒருவர் இருந்திருக்கலாம். அவருடைய பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், கூட்டிப் போன மாதம், கூடப் போனவர்கள் யார் யார் என்பதை இருக்கிற பெரியவர்களிடம் இந்த வாரமே கேட்டு எழுதுங்கள். பழைய நோட்டோ அடையாள அட்டையோ இருந்தால் படமெடுத்துச் சேர்த்து வையுங்கள். ஒரு பிரதியைக் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். அன்று பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது.